கரும்பச்சைக் கடல்: கவின்கலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கவின்கலைக் கல்லூரிகளில் நிலக்காட்சி வகுப்பெடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். மாணவர் கண்காட்சிகளில் நான் காணும் கடல் ஓவியங்களில் பெரும்பாலானவை மணலில் நின்று பார்த்தவை: முன்னால் ஒரு படகு, நடுவில் நுரை, அப்பால் அசையாத ஒரு நீலக் கோடு. வண்ணம் கையாளும் திறமையில் குறையில்லை. கடல்தான் அங்கே இல்லை. ஆண்டுக்குச் சில நாள்களாவது மாணவர்களைப் படகில் அழைத்துச்சென்று, நீரின் மேலிருந்தே வரையச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். என் தரப்புச் சாட்சி, வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர்.

1744இல் லண்டனில் பிறந்து, நிலக்காட்சி ஓவியர் ரிச்சர்ட் வில்சனிடம் பயின்ற ஹாட்ஜஸ், 1772 ஜூலையில் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் ரெசல்யூஷன் கப்பலின் ஓவியராகப் புறப்பட்டு, மூன்றாண்டு கழித்தே ஊர் திரும்பினார். கப்பல் நன்னம்பிக்கை முனையில் நங்கூரமிட்டிருந்தபோது, அங்கிருந்தபடியே கேப் நகரத்தின் மேசை மலையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஆசிரியரிடம் கற்ற அமைதியான பொன்னொளியை அதில் காண முடியாது. மேகம் கிழிந்து விழும் வெளிச்சமும், அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் நீருமே அந்தப் படம்.

அங்கிருந்து கப்பல் தெற்கே சென்றது. 1773 ஜனவரி 4 அன்று, குடிநீருக்காகப் பனிக்கட்டிகளை மாலுமிகள் அள்ளி ஏற்றியதை அவர் மையாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தார். அதே மாதம் 17ஆம் நாள் கப்பல் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தது. அதற்குமுன் எந்தக் கப்பலும் அதைக் கடந்ததாகப் பதிவில்லை. பின்னர் நியூசிலாந்தின் டஸ்கி விரிகுடாவில் அவர் தீட்டிய பசுங்காட்டுக் காட்சியை நம் காலத்தில் ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, மரங்களுக்கு அடியில் பனிமலைகள் தெரிந்தன. வரைந்த கித்தான் துணியிலேயே மீண்டும் வரைந்திருக்கிறார். (கித்தான் விலையறிந்த மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

அவரிடமும் பிழை இல்லாமல் இல்லை. பசிபிக் கடலின் டோங்காத் தீவொன்றில் குக் கரையிறங்கியதை அவர் வரைந்த படம் லண்டனில் செதுக்கப்பட்டு அச்சேறியபோது, தீவு மக்கள் கிரேக்கச் சிலைகளைப்போல் ஆகிவிட்டிருந்தார்கள். உடன் பயணித்த இயற்கை ஆய்வாளர் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். கப்பலை விட்டு இறங்கிப் பட்டறைக்குள் நுழைந்ததும் பழைய பாடம் கையைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அலையை நேரில் வரைய முடியாது, நினைவிலிருந்தே வரைய முடியும் என்றவர் ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி. அவரை முன்வைத்து என்னை மறுப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் அவர் கருங்கடற்கரையின் ஃபியோடோசியாவில் பிறந்தவர், இளமையிலேயே கடற்படைக் கப்பல்களில் சென்றவர். நினைவு நிரம்பியிருந்தது, எடுத்து வரைந்தார். நம் மாணவர்களின் நினைவில் இருப்பது கைப்பேசிப் படம்.

ஹாட்ஜஸ் நமக்கு அயலாரும் அல்லர். 1780இல் சென்னைக்கு வந்திறங்கிய அவர், ஹைதர் அலியின் படையெடுப்பால் ஏறத்தாழ ஓராண்டு உள்நாட்டுக்குள் போக முடியாமல் இங்கேயே தங்கினார்; பின்னர் கல்கத்தா சென்று, அன்றைய ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவில் வட இந்தியாவை வரைந்தார். 1795இல் போரையும் அமைதியையும் பற்றிய அவரது கண்காட்சி மூடப்பட்டதும் தூரிகையை வைத்துவிட்டு ஒரு வங்கியில் பங்காளியானார். அது நொடிந்த 1797இலேயே இறந்தார். அதற்கு முன் 1793இல் வெளியிட்ட பயண நூலில், கப்பலிலிருந்து முதன்முதலாகக் கண்ட சென்னையை எழுதியிருக்கிறார்: மேகமற்ற நீல வானம், பளபளக்கும் வெண்கட்டடங்கள், ஒளிரும் மணல், கரும்பச்சைக் கடல். வானத்துக்குத்தான் நீலம் சொன்னார், கடலுக்குச் சொல்லவில்லை.

செலவு பெரிதன்று. மீனவர்களிடம் ஒரு ஃபைபர் படகு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், சின்ன அட்டைகள், நீர்வண்ணம். படகோட்டியையே முதல் ஆசிரியராக வையுங்கள். காற்று திரும்புவதை நீரின் நிறத்தில் அவர் முதலில் காண்பார். முதல் நாள் பாதிப்பேர் வாந்தி எடுப்பார்கள், எதுவும் வரைய மாட்டார்கள். இரண்டாம் நாளும் அவர்களையே அழைத்துச்செல்லுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரையில் வரைந்தே பல ஆண்டுகளை வீணாக்கிய ஓவியன்