பழைய வாசனைகளின் பெயரைச் சுமக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விற்கும் பழம்பெரும் பெர்ஃப்யூம் எதுவானாலும், அதன் ஃபார்முலாவை மாற்றும்போது மாற்றிய ஆண்டைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம்.

காலத்தை வென்ற வாசனை என்று விளம்பரம் செய்யும்போது நீங்கள் காட்டுவது குப்பியின் வடிவத்தை, நிறுவனரின் படத்தை, அது பிறந்த ஆண்டை. ஒரு வாசனையின் பெயரை நினைவில் வைக்க இவை உதவும், சரி. ஆனால் மூன்று தலைமுறை ஒன்றையே தேடி வாங்குகிறது என்றால் அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் கலவை.

1882இல் ஹூபிகான் நிறுவனத்துக்காக பால் பார்க்கே உருவாக்கிய ஃபூஜேர் ரோயாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபூஜேர் என்றால் பிரெஞ்சு மொழியில் ஃபெர்ன். ஃபெர்ன் செடிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மணம் கிடையாது. இல்லாத மணத்தை அவர் கற்பனை செய்தார். அதற்குக் கைகொடுத்தது, 1868இல் வில்லியம் பெர்கின் ஆய்வகத்தில் தயாரித்துக் காட்டிய, காய்ந்த புல்லின் மணம் தரும் கூமரின். ஏழு ஆண்டு கழித்து, 1889இல், எமே கெர்லேனின் ஜிக்கி வந்தது. மேலே லாவெண்டர், அதன் கீழே கூமரினும் வனிலாவின் மணப்பொருளான வனிலினும் புனுகும். குளித்து முடித்த சுத்தமும் விலங்கின் வெதுவெதுப்பும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்று அந்த நாளிலேயே சொன்ன துணிச்சல் அது. இன்றும் விற்பனையில் இருக்கிறது.

புதுப் பொருளை முதலில் தொட்டவர்தான் ஜெயிப்பார் என்றும் இல்லை. 1921இல் எர்னெஸ்ட் போ ஷனேல் நம்பர் 5 செய்வதற்கு முன்பே மற்றவர்கள் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை மணப்பொருள்களைப் பயன்படுத்தியிருந்தார்கள். மல்லிகை, ரோஜாவின் மேல் அவற்றைத் தாராளமாக வைத்து, பூ எங்கே முடிகிறது, ஆல்டிஹைடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் செய்தது போவின் கைவண்ணம். எட்மோன் ரூட்னிட்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் இன்னொரு வழியில் போனார். லில்லி ஆஃப் தி வேலி மலரிலிருந்து வாசனைத் தொழிலுக்கு உதவும் எண்ணெய் எடுக்க முடியாது. அந்த மலரையே 1956இல் தியோர் நிறுவனத்தின் தியோரிசிமோவில் வேறு பொருள்களால் கட்டி நிறுத்தினார். பத்து ஆண்டு கழித்து அதே நிறுவனத்தின் ஓ சோவாஜில் ஹெடியோன் என்ற புது மூலக்கூறைச் சிறிதளவு சேர்த்தார். எலுமிச்சை மணத்துக்குள் காற்று புகுந்தது. இன்று ஹெடியோன் இல்லாத பெர்ஃப்யூமைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றை முகர்ந்து முகர்ந்து எனக்குப் பிடிபட்டது இதுதான். நிலைத்த வாசனை ஒவ்வொன்றிலும் துணிச்சலான ஒரு யோசனை இருக்கிறது. மற்ற எல்லாம் அதற்கு வழிவிட்டு நிற்கின்றன. அப்புறம், அதன் உயிர் மூன்றாவது மணி நேரத்தில் தெரிகிறது. கடையில் காகிதத் துண்டை முகர்ந்து சில நிமிடத்தில் முடிவெடுக்கிறோம் என்பதால், இப்போது வரும் பலவற்றில் முழுச் சக்தியும் தொடக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. கெர்லேனின் பழைய மிட்சுகோ அப்படியல்ல. பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணம் போய், பீச் பழச் சாயல் மெல்லத் தணிந்து, கடைசியில் ஓக் மரத்தில் படரும் ஓக் பாசியின் ஈரமான நிழல் வரும்போதுதான் அது பேசத் தொடங்கும். பிரான்சுவா கோட்டி 1917இல் வெளியிட்ட ஷீப்ர் என்ற வாசனை இல்லாமல் 1919இல் மிட்சுகோ வந்திருக்காது. மூலமான அந்த ஷீப்ர் கடைகளிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால் ஒரு முழு வாசனைக் குடும்பம் அதன் பெயரில் வாழ்கிறது.

இங்கேதான் என் வருத்தம். ஓக் பாசியில் உள்ள அட்ரனாலும் குளோரோஅட்ரனாலும் சிலருடைய தோலில் ஒவ்வாமை உண்டாக்குகின்றன. அந்த இரண்டையும், லைரல் என்ற செயற்கைப் பொருளையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்தது. 2021க்குப் பிறகு அவை உள்ள பொருள்களை அங்கே விற்கக் கூடாது. 2022இல் லிலியால் என்ற இன்னொரு செயற்கை மணப்பொருளும் போனது. இந்த விதிகளை நான் எதிர்க்கவில்லை. ஒருவருடைய தோல் புண்ணாவதை விட எந்த வாசனையும் பெரிதல்ல. அந்த இரண்டு பொருள்களையும் நீக்கிய ஓக் பாசிச் சாறும் இன்று கிடைக்கிறது. அதை வைத்து உங்கள் கலைஞர்கள் பழைய வடிவத்தை மீட்கப் பாடுபடுவதை மதிக்கிறேன். தெற்குப் பிரான்சின் கிராஸ் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு 1987இல் ஒப்பந்தம் செய்து, நம்பர் 5க்கான மல்லிகையும் மே ரோஜாவும் தொடர்ந்து கிடைக்கும்படி ஷனேல் பார்த்துக்கொள்வது போன்ற அக்கறையையும் மதிக்கிறேன்.

ஆனால் எல்லா மாற்றத்துக்கும் சட்டம் மட்டும்தான் காரணமா? விலை கூடிய பூச்சாற்றின் இடத்தில் மலிவான கலவை வந்தால், அதற்கு எந்த விதியின் மேலும் பழி போட முடியாதே. எது எதனால் மாறியது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரே பெயருள்ள இரண்டு குப்பிகளை, இடையில் பல ஆண்டு இடைவெளி உள்ளவற்றை, இரு கைகளிலும் பூசிப் பார்த்திருக்கிறேன். புதியதில் அடித்தளமே காணோம். கேட்டதற்கு, எதுவும் மாறவில்லை, உங்களிடம் இருக்கும் பழையது கெட்டிருக்கும் என்றார்கள். பழைய குப்பியில் முதல் சில நிமிட மணம் கெடும், உண்மை. புதிய குப்பியில் பாசி இல்லாமல் போனதற்கு அது பதிலா?

ஃபார்முலா ரகசியம் என்பீர்கள். புரிகிறது. பெர்ஃப்யூமுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்ட பிறகு, ரகசியம்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே வேலி. நான் கேட்பது ஃபார்முலாவை அல்ல, ஆண்டை. ஒரு நூல் திருத்தி வெளியிடப்பட்டால் திருத்திய பதிப்பு என்று ஆண்டோடு போடுகிறார்கள். அதனால் நூலாசிரியரின் மதிப்பு குறைந்ததாக யாரும் நினைப்பதில்லை.

இன்னொன்றையும் செய்ய முடிந்தால் நல்லது. பிரான்சின் வெர்சாயில் 1990இல் தொடங்கிய ஒஸ்மோதேக் என்ற வாசனைக் காப்பகம், வாசனைகளை ஆர்கான் வாயுவின் கீழே, 12 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல் காக்கிறது. முதல் வடிவம் மறைந்துபோன ஃபூஜேர் ரோயாலையும் கோட்டியின் ஷீப்ரையும் அங்கே இன்றும் முகர முடிகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால், அப்போதைய வடிவத்தில் ஒரு குப்பியை அங்கே கொடுத்துவையுங்கள்.

பெட்டியின் அடியில் தயாரிப்புத் தொகுதி எண்ணை இப்போதே அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்களுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. அடுத்த முறை பெட்டி அச்சுக்குப் போகும்போது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசனைகளை இன்றும் விரும்பிப் பூசும் ஒருவர்