பாருக்கு இரண்டாம் தடவை எழுதியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள்.

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. “ஜெபம் பண்ணுகிறோம்மா” என்று வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், காலமெல்லாம் சபையாருக்கு நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை அது. பெற்ற பிள்ளைக்கும் அதையே சொல்லிவிட்டேனே என்று தூக்கம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் பாடம் நடத்துகிற கொட்டகை எரிந்ததை நீ ஒரே வரியில் முடித்தாய். புத்தகங்கள் என்று வந்தபோதுதான் உன் குரல் உடைந்தது. வீட்டில் சந்தாலி பேசிவிட்டு, பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கேட்டு முழிக்கிற பிள்ளைகளுக்காக நீயே எழுதி, படம் போட்டு, சாக்கு ஊசியால் தைத்த 17 புத்தகம். போன லீவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தாயே, ஒரு பக்கம் சந்தாலிக்கு உரிய ஓல் சிக்கி எழுத்து, எதிர்ப்பக்கம் இந்தி, நடுவில் ஒரு கோழி. அதற்கு மூன்று கால் மாதிரி இருக்கிறது என்று நான் கேலி பண்ணினேன். அந்தப் புத்தகமும் போய்விட்டதா?

நேற்று வேதத்தில் எரேமியா 36ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியதுதான். அப்போதெல்லாம் என் கண் ராஜா மேலேயே இருந்தது. நேற்றுதான் எரேமியாவுக்கு எழுதிக்கொடுத்த பாருக்கைப் பார்த்தேன்.

அது யூதாவின் ராஜா யோயாக்கீமின் நாலாம் வருஷம். எரேமியா தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கி 23 வருஷம் ஆகிவிட்டது என்று 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, அதுவும் இதே நாலாம் வருஷம்தான். இத்தனை வருஷம் சொன்னதையெல்லாம் அவர் வாயால் சொல்லச் சொல்ல, பாருக்கு மையால் எழுதினான். அடுத்த வருஷம் ஒன்பதாம் மாதம், குளிர்காலம். ராஜா கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நாலு பத்தி வாசித்ததும் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிக்கக் கேட்கிறான், மறுபடி அறுக்கிறான். கோபத்தில் மொத்தமாகத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். இவன் நிதானமாக, குளிர் காய்ந்துகொண்டே செய்கிறான். சுருளை எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் கெஞ்சினார்கள். அவன் கேட்கவில்லை.

கர்த்தர் அடுத்து சொன்னது, வேறொரு சுருளை எடுத்து முந்தின வார்த்தைகளையெல்லாம் திரும்ப எழுது என்று. எரிந்த சுருளை அவர் அற்புதமாகத் திருப்பித் தரவில்லை. பாருக்கு மறுபடியும் உட்கார்ந்தான். முதல் வரியிலிருந்து. விரல் வலித்திருக்கும், ஏற்கெனவே எழுதியதைத் திரும்ப எழுதுகிற அலுப்பு இருந்திருக்கும். இதையும் கொளுத்திவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வராமலா இருந்திருக்கும்? வேதம் அதையெல்லாம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எழுதி முடித்தபோது முன்பு இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்ந்திருந்தன என்று மட்டும் அந்த அதிகாரம் சொல்லி முடிக்கிறது.

45ஆம் அதிகாரத்தையும் படி. ஐந்தே வசனம். இளைத்துப்போனேன், இளைப்பாறுதல் இல்லை என்று பாருக்கு புலம்புகிறான். உனக்குப் பெரிய காரியங்களைத் தேடாதே, போகிற இடமெல்லாம் உன் பிராணனைக் காப்பேன் என்பதுதான் பதில். வேறு வாக்குத்தத்தம் எதுவும் இல்லை. அதனாலோ என்னவோ, இந்த அதிகாரத்தை எந்தக் கன்வென்ஷனிலும் நான் கேட்டதில்லை. நானும் பிரசங்கித்ததில்லை.

1993இல் நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதே இல்லை. நீ அப்போது கைப்பிள்ளை. நான் சபை ஊழியராக இருந்த ஊரில் ஒரு பெரிய கை, தன் மகளின் கல்யாணத்துக்காக ஞானஸ்நானப் பதிவேட்டைத் திருத்தச் சொன்னார். பெண்ணுக்கு வயது 16. “1977இல் கடைசி 7-ஐ 5 ஆக்கிவிடுங்க உபதேசியாரே, குருவானவர் ஐயருக்குத் தெரியவா போகுது?” என்றார். முடியாது என்றேன். சரி, அன்றையிலிருந்து ஊரில் பாதிப் பேர் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் சொன்னவர்கள். கிணற்றடிக்கு அம்மா போனால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பாட்டி மட்டும் விடியுமுன் வந்து, சத்தம் காட்டாமல் ஒரு குடம் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். துரவில் கிடந்த எரேமியாவுக்கு, அக்குளில் கயிறு அறுக்காதிருக்க, அரமனை ஊழியன் எபெத்மெலேக் பழந்துணியும் சேர்த்து இறக்கினான் அல்லவா? அதை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

நான்கு மாதம் தாங்கினேன். அப்புறம் ராஜினாமா எழுதி பீரோவில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தேடினால், அதன் பின்பக்கத்தில் உன் அம்மா பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்! “வேற தாள் கிடைக்கல” என்றாள். அவள் சொன்னதை இன்றுவரை நான் நம்பவில்லை.

அந்தப் பெண்ணின் கல்யாணமோ, ஒரே மாதத்தில் வேறு ஊரில் நடந்து முடிந்திருந்தது. நான் முடியாது என்றதால் அவளுக்கு ஒரு நன்மையும் வந்துவிடவில்லை. சாட்சி சொல்லும்போது இந்தப் பாகத்தை விட்டுவிடலாம் என்று தோன்றும். உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு என் கையில் இருந்தது அந்தப் பதிவேடு மட்டும்தான். அதில் பொய் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். “எங்களுக்கு உபத்திரவம்” என்று எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிவிடாதே. முதலில் நீயும் மாப்பிள்ளையும் ஊர்த் தலைவர் மாஞ்சி வீட்டுக்குப் போய், கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, என்ன பயம் என்று கேளுங்கள். உங்களிடம் படித்தால் பிள்ளைகள் தாங்கள் கும்பிடுகிற ஜாஹேர் தோப்பையும் பெரியவர்களையும் விட்டுவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்தால், அது ஒரு தகப்பனுக்கு வரக்கூடிய பயம்தான். எனக்குப் புரிகிறது. யார் கொளுத்தினார்கள் என்று துருவ வேண்டாம். அதிகாரிகள் பேப்பர் கேட்டால் எல்லாவற்றையும் கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் வகுப்பை நிறுத்திவிடுங்கள், அதில் கீழ்ப்படியாமை ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்துவிடவா என்று கேட்டாயே. வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அழுத ராத்திரியில் முடிவு எடுக்காதே. சித்தப்பா, “நம்ம ஊர்லயே எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்க, அவளுக்கு இது தேவையா?” என்று வழக்கம்போல் கேட்டார். அவர் இருப்பது முதலூர். தங்கள் ஊர்களில் அடித்து விரட்டப்பட்ட விசுவாசிகள் குடியேற 1799இல் தாவீது சுந்தரானந்தம் உண்டாக்கிய ஊர். இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கேட்கிறாரே என்று சிரிப்புத்தான் வந்தது. நான் பதில் பேசவில்லை, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

பார்சல் இன்றைக்குப் போகிறது. மஸ்கோத் அல்வா இரண்டு கிலோ, ஒரு கிலோ மாஞ்சி வீட்டுக்கு. தேங்காய்ப்பாலில் செய்தது என்று சொல்லிக் கொடு. அம்மாவின் பழைய நூல் புடவைகள் நாலு சுற்றி வைத்திருக்கிறாள், அங்கே குளிருக்கு ஆகும். அடியில் கோடு போடாத தாள் ஆறு குயர், கலர் பென்சில், நூல்கண்டு, சாக்கு ஊசி இரண்டு. இந்தத் தடவை கோழிக்கு இரண்டு கால் போதும்.

அன்புடன்,
அப்பா