பொடிப் பெட்டிக்குள் ஒரு கடிதம்

ஃப்ரீமான்ட்,
அக்டோபர் 2025

அன்புள்ள கண்ணா,

பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கொஞ்சம் மோர் மிளகாய், மூன்றையும் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்த பிறகு பொடியைத் திற. போனில் பணப் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதி அனுப்பினால் நீ எங்கே ஓடுவாய்?

சான்டா பார்பராவில் கம்யூனிட்டி காலேஜ் போய் இது மூன்றாவது வருஷம், இரண்டு வருஷத்தில் முடித்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுகிற காலேஜ் அது. நடுவில் பாடத்தை மாற்றினாய், அதனால் ஒரு வருஷம் கூடிவிட்டது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்பா சொன்னதே போதும். அடுத்த செப்டம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) டேவிஸ் வளாகமோ ஏர்வைன் வளாகமோ, எங்கே இடம் கிடைத்தாலும் போகப் போகிறாய். அந்தப் படிப்புக்கு எங்கேயிருந்து பணம் வரும் என்பதை நீ இன்னும் யோசிக்கவில்லை என்று உன் பேச்சிலேயே தெரிகிறது. "இப்ப வர்ற மாதிரியே வரும்மா" என்றாய். வராது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இப்போது உனக்கு வருவதெல்லாம் அந்தக் காலேஜோடு ஒட்டியது. ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணத்தையே தள்ளுபடி செய்கிறார்களே, காலேஜ் பிராமிஸ் கிராண்ட், அது கம்யூனிட்டி காலேஜ் வாசலோடு நின்றுவிடும். மத்திய அரசு தருகிற பெல் கிராண்ட், திருப்பிக் கட்ட வேண்டாத பணம், உன் பெயரில்தான் வருகிறது, ஆனால் அந்தக் காலேஜ் வழியாக வருகிறது. ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் அதை வாங்க முடியாது. புது இடத்தில் அவர்கள் கணக்குப் போட்டு, புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். யூசியில் படிப்புக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு ஏறத்தாழ 15,000 டாலர். வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்ந்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். 46 டாலரிலிருந்து அங்கே தாவ வேண்டும், பார்த்துக்கொள்.

அக்கா காலேஜ் மாறியபோது நாங்கள் செய்த தப்பு உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது ஹைஸ்கூல் கடைசி வருஷம், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிந்தாய். அவள் ஃபாஃப்சாவை, அதாவது மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பத்தை, நேரத்துக்குத்தான் போட்டாள். முந்தைய வருஷ விண்ணப்பத்தைப் புதுப்பித்தபோது காலேஜ் பட்டியலில் பழைய காலேஜ் மட்டுமே இருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏப்ரலில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் கேசரி கிளறினேன். மே மாதம் அவளுடைய தோழிகளுக்கெல்லாம் உதவித்தொகைக் கடிதம் வந்துவிட்டது, இவளுக்கு மட்டும் வரவில்லை. அழைத்துக் கேட்டால், "உங்கள் ஃபாஃப்சா எங்களுக்கு வரவே இல்லையே" என்கிறார்கள். புது காலேஜுடைய ஆறு இலக்கக் குறியீட்டைச் சேர்க்காமல் விட்டதுதான் காரணம். மார்ச் 2-க்குள் விண்ணப்பம் போயிருந்ததால் மாநில அரசின் கால் கிராண்ட் தப்பித்தது. பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி அதற்குள் மற்றவர்களுக்குப் போய்விட்டிருந்தது.

அதனால் இப்போதே, இடம் கிடைக்குமா என்று காத்திராமல், நீ விண்ணப்பிக்கிற எல்லா வளாகத்தின் குறியீட்டையும் ஃபாஃப்சாவில் சேர்த்துவிடு. யூசியின் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனிக் குறியீடு உண்டு, யூசி என்று ஒன்றைப் போட்டால் போதாது. 20 காலேஜ் வரை சேர்க்கலாம், எத்தனை சேர்த்தாலும் காசு இல்லை. ஃபாஃப்சாவுக்கே காசு கிடையாது. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நான் நிரப்பித் தருகிறேன், 300 டாலர்" என்று போட்டிருந்தார். நீ அந்தப் பக்கமே போகாதே.

பெற்றோர் பகுதியை நிரப்பப் போவது நான். அப்பாவும் நானும் சேர்ந்தே வரி தாக்கல் செய்கிறோம், அதனால் ஒருவர் போதும். நீ என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் எனக்கு அழைப்பு வரும். நான் உள்ளே போய், வரித் துறையிலிருந்து எங்கள் கணக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதம் தர வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் மத்திய அரசு உதவி ஒரு டாலர்கூடக் கிடைக்காது. "அப்பாவோட சம்பளத்தை ஏன் இவங்களுக்குச் சொல்லணும்" என்று அப்பா முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

பாளையங்கோட்டை வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் இருக்கிறது. நாம் குடியிருக்கிற வீட்டை ஃபாஃப்சா கேட்பதில்லை, ஓய்வூதியக் கணக்கில் கிடக்கிற பணத்தையும் கேட்பதில்லை. ஊரில் இருக்கிற வீடு அப்படியில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "இந்தியாவுல இருக்கறது இவங்களுக்கு எப்படித் தெரியும்" என்பார் அப்பா. தெரியாமல் போகலாம். நான் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் பொய் இருக்காது, அவ்வளவுதான். பெற்றோர் சொத்தை அவர்கள் முழுசாக எடுத்துக்கொள்வதும் இல்லை. கணக்குப் போட்டால் நூறு டாலருக்கு ஆறு டாலர்கூட வராது. அதற்காகவா பயப்படுவது?

இதை எழுதும்போது உன் தாத்தா ஞாபகம் வருகிறது. 1992-இல் எனக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. கட்டணச் சலுகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். முதலில் கிராம நிர்வாக அலுவலர், அப்புறம் வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார் முத்திரை. தாத்தா மூன்று நாள் பஸ் ஏறிப் போனார். மூன்றாவது நாள் நானும் கூடப் போனேன். வேப்ப மரத்தடியில் மத்தியானம் வரை நின்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான். தாத்தா குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, "நாம என்ன பிச்சையா கேக்கோம்? இருக்கறத இருக்குன்னும் இல்லாதத இல்லன்னும் சொல்லப் போறோம், அவ்வளவுதான" என்றார். அந்த முத்திரை விழுந்த காகிதத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தோம். ஃபாஃப்சா என்பது அந்தத் தாசில்தார் ஆபீஸ்தான் கண்ணா. வேப்ப மரம் மட்டும் இல்லை.

உன் அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. ஸ்காலர்ஷிப் என்றால் அவருக்கு ரேங்க் வாங்கினவனுக்குக் கொடுப்பது. இல்லாதவனுக்குக் கொடுப்பது என்றால் முகம் சுருங்கிவிடும். 2023 ஜனவரியில் அவருக்கு வேலை போயிற்று. அக்காவின் விண்ணப்பம் 2021 வரிக் கணக்கைப் பார்த்தது. அந்த வருஷம் நாம் வசதியானவர்கள்! காகிதத்தில் இருந்த குடும்பமும் வீட்டில் இருந்த குடும்பமும் வேறு வேறு. இப்படி நிலைமை மாறினால் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதலாம், அவர்கள் கணக்கை மறுபடி பார்ப்பார்கள் என்று அக்காதான் கண்டுபிடித்தாள். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லாதோர் உதவித்தொகை விவரம் எல்லாம் வேண்டும். அப்பா அந்தக் கடிதத்தை எடுத்துத் தர மாட்டேன் என்றார். "வேலை போச்சுன்னு ஊர் பூரா எழுதிக் குடுக்கணுமா?" இரண்டு வாரம் வீட்டில் சரியான பேச்சே இல்லை. கடைசியில் ஒரு நாள் காலையில் காபி டம்ளருக்குக் கீழே அந்தக் கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவரே வைத்திருக்கிறார். ஜூனில் அனுப்பினோம், ஆகஸ்டில் பதில் வந்தது, கிராண்ட் கூடியது. அதைப் பற்றி இன்றுவரை அவர் பேசியதில்லை.

உனக்கும் அப்படி ஒன்று வரப்போகிறது. 2026-27 படிப்பு வருஷத்துக்கு அவர்கள் பார்ப்பது 2024 வரிக் கணக்கை. அந்த வருஷம் கூரையை மாற்றுவதற்காக அப்பா தன் 401கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுத்தார். கணக்கில் கிடந்தவரை கேட்காத பணம், வெளியே எடுத்ததும் வரிக் கணக்கில் வருமானமாக வந்து நிற்கிறது. சம்பளம் ஏறியதுபோலத் தெரியும். ஒரு தடவை எடுத்தது, கூரைக்காரரிடம் போய்விட்டது என்று நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இடம் கிடைத்த பிறகு, எந்த வளாகத்துக்குப் போகிறாயோ அவர்களிடம்தான் கேட்க முடியும். அவர்கள் சொல்வதே முடிவு, அதற்கு மேல் போய் முறையிட இடமில்லை. கூரைக்காரர் கொடுத்த பில், 401கே காகிதம் எல்லாவற்றையும் நீலக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். கடிதத்தை நீ எழுது. சுருக்கமாக, அழுகை இல்லாமல் எழுது.

கால் கிராண்ட் பற்றி அக்கா ஒரு காகிதத்தில் எழுதித் தந்திருக்கிறாள், அதையும் உள்ளே வைக்கிறேன். கம்யூனிட்டி காலேஜிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறதாம். கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் முடித்திருக்க வேண்டும், 28 வயதுக்குள் இருக்க வேண்டும், ஜிபிஏ, அதாவது 4-க்கு மதிப்பெண் சராசரி, 2.4 இருந்தால் போதும். வருமான வரம்பும் உண்டு. நடுவில் ஒரு வருஷம் சும்மா இருந்தால் போச்சு. உன் நண்பன் ஒருவன் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னதாகச் சொன்னாயே, அது உனக்கு வேண்டாம். மார்ச் 2-க்குள் உன் ஜிபிஏ, கால் கிராண்ட் தருகிற மாநில ஆணையத்துக்குப் போயிருக்க வேண்டும். பெரும்பாலும் காலேஜே அனுப்பிவிடும், இருந்தாலும் ஒரு வார்த்தை கேள். அந்த ஆணையத்தின் இணையதளமான வெப்கிராண்ட்ஸில் கணக்கைத் திறந்து, எங்கே போகிறாய் என்பது முடிவானதும் அங்கே காலேஜ் பெயரை மாற்று. மாநிலம் தருகிற மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப்புக்குத் தனி விண்ணப்பம் கிடையாது, ஃபாஃப்சாவை வைத்தே பார்த்துக்கொள்வார்கள். ஜாக் கென்ட் குக் என்று பெரிய ஸ்காலர்ஷிப் ஒன்று இருக்கிறது, வருஷத்துக்கு 55,000 டாலர் வரை. அதற்கு ஜிபிஏ 3.75 வேண்டும். உன்னுடையது 3.3. விடு. ஆனால் உன் காலேஜே, டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களுக்கென்று சின்னச் சின்னத் தொகை கொடுக்கும். 500, 1,000 என்று இருப்பதால் பசங்கள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அங்கே போய்க் கேள்.

பெல் கிராண்ட் இந்த வருஷம் அதிகபட்சம் 7,395 டாலர். நமக்கு முழுசாகக் கிடைப்பதில்லை, உனக்குத் தெரியும். வாழ்நாளில் 12 முழு செமஸ்டர் அளவுக்குத்தான் அது. இந்த வருஷம் முடிகிறபோது நீ ஆறு செமஸ்டர் தீர்த்திருப்பாய். மிச்சம் ஆறு இருக்கிறது, மறுபடி பாடத்தை மாற்றாதவரை போதும். (சொல்லவில்லை என்றேன், சொல்லிவிட்டேன்.)

ஏப்ரலில் உதவித்தொகைக் கடிதம் வரும்போது கீழே இருக்கிற மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதே. கிராண்ட், வேலை, கடன் மூன்றையும் கூட்டி "உதவி" என்று போட்டிருப்பார்கள். வொர்க்-ஸ்டடி என்பது நீ வேலை பார்த்தால்தான் வரும். கடன் கடன்தான். மூன்றாம் வருஷ மாணவன் தன் பெயரில் 7,500 டாலர் வரை எடுக்கலாம், அதில் 5,500 வரை படிக்கிற காலத்து வட்டியை அரசே கட்டுகிற வகையாக இருக்கலாம். அது மட்டும் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேரன்ட் பிளஸ் என்று பெற்றோர் வாங்கும் கடன் ஒன்று இருக்கும், அது எங்கள் தலையில் விழுவது. அப்பா உடனே கையெழுத்துப் போடத் தயாராவார். கை நீட்டிக் கேட்கக் கூச்சம், கடன் வாங்கக் கூச்சமில்லை, அதுதான் உன் அப்பா. நீ அதைத் தொடாதே. ஒவ்வொரு வளாகத்தின் கடிதத்திலும் கிராண்டை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு எனக்குப் படம் அனுப்பு. ஜூன் 1 வரை நேரம் இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்று நடுவில் இருக்கிற கோடை. உனக்கு மே மாதம் வகுப்பு முடிந்துவிடும். டேவிஸ், ஏர்வைன் இரண்டிலும் தொடங்குவது செப்டம்பர் கடைசியில். உதவிப் பணம் வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாளுக்கு முன்னால் வராது, சட்டமே அப்படி. டேவிஸில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் செப்டம்பர் 1-இல் தொடங்கும். முன்பணம் அதற்கும் முன்னாலேயே கேட்பார்கள். அக்கா அந்த மூன்று வாரம் யார் யாரிடமோ பணம் கேட்டிருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. பிறகு தெரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. உனக்காக நான் சீட்டுப் பணத்தில் 2,400 டாலர் தனியாக வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே, சொன்னால் காருக்கு டயர் மாற்ற வேண்டும் என்பார்.

யூசி விண்ணப்பம் நவம்பர் கடைசிக்குள் போய்விடட்டும். ஒரு வளாகத்துக்கு 80 டாலர் கட்டணம். கட்டும் முன் கட்டணத் தள்ளுபடிக் கேள்விகளுக்குப் பதில் போட்டுப் பார், தகுதி இருந்தால் நான்கு வளாகம் வரை இலவசம்.

வியாழக்கிழமை ராத்திரி அப்பா பாட்மின்டன் போய்விடுவார். ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை அழை, அழைப்பை அனுப்பு, சேர்ந்தே நிரப்பிவிடலாம். மோர் மிளகாயை எண்ணெயில் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, போன தடவை மாதிரி அலாரம் அடித்து எல்லாரையும் தெருவில் நிறுத்தாதே.

அன்புடன்,
அம்மா