பீனிச சி.ரி. ரிப்போர்ட்டில் இந்த ஐந்து இடங்களையும் எழுதுங்கள்

வடமாகாண சுகாதார அதிகாரிகளுக்கும், எங்கள் நோயாளிகளின் படங்களை வாசிக்கும் கதிரியக்க நிபுணர்களுக்கும், காது மூக்கு தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும்,

வணக்கம். நான் வன்னியில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்யும் தாதி. பீனிசத்துக்கு மூக்கு வழியாகக் கமரா விட்டு ஒப்பரேசன் செய்வதற்கு முன் எடுக்கும் சி.ரி. ஸ்கானைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கைக்கு வரும் ரிப்போர்ட்டுகள் பல இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்றன. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளில் எந்த அறையில் சளி கட்டியிருக்கிறது, மூக்கின் நடுத்தண்டு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆயுதம் போகக் கூடாத இடம் எது என்று ஒரு சொல்லும் இருப்பதில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்து ஐயா ஒருவரின் ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருந்தது. டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, முகத்தில எப்பவாவது காயம் பட்டதோ?" என்று கேட்டார். "2009 இல செல் பட்டது. பீஸை அப்பவே எடுத்திட்டினம்" என்றார் அவர். எறிகணையின் பீஸ் போய்விட்டது, உடைந்த எலும்பு அப்படியே இருந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் கடதாசி போல மெல்லிய சுவர் ஒன்று உண்டு. அதில் விழுந்த இடைவெளியால் கண்ணின் கொழுப்பு மூக்குப் பக்கம் பிதுங்கியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் நோய்ச் சதை போலத்தான் தெரியும். உறிஞ்சி வெட்டும் மெஷினை அங்கே வைத்தால் கொழுப்போடு கண்ணை அசைக்கும் தசையும் போய்விடும். டொக்டர் கவனித்ததால் அவர் தப்பினார். படிவத்தில் பழைய காயத்தைப் பற்றி யாரும் எழுதியிருக்கவில்லை, ரிப்போர்ட்டிலும் இல்லை. செல்லடிக்குள்ளால் வந்த சனம் வாழும் ஊர்களில் இந்தக் கேள்வியை எப்படி விட முடியும்?

காயமே படாதவர்களுக்கும் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். மூக்கின் கூரையில், மூளைக்குக் கீழே, மணம் அறியும் நரம்புகள் இறங்கும் குழி இருக்கிறது. கெரோஸ் என்பவர் 1962 இல் அதன் ஆழத்தை மூன்றாகப் பிரித்தார்: 1–3, 4–7, 8–16 மில்லிமீற்றர். குழி ஆழமானால் பக்கத்து மெல்லிய எலும்பு அதிகம் வெளிப்பட்டிருக்கும். அது உடைந்தால் மூளையைச் சுற்றிய நீர் மூக்கால் வடியும். ஒரே ஆளில் வலமும் இடமும் ஒரே ஆழமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு ஓனோடி அறை என்று கூடுதலாக ஓர் அறை பின்னால் இருக்கும், பார்வை நரம்பு அதை ஒட்டியே போகும். மூக்கின் ஆகப் பின்னால் இருக்கும் கடைசி அறையின் நடுச்சுவர் சிலரில், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடியின் எலும்பு உறையில் போய் ஒட்டியிருக்கும், அதைத் திருகி எடுத்தால் நாடியே கிழியலாம். கண்குழியிலிருந்து மூக்குக்கு வரும் 'முன் எத்மொயிட் நாடி' என்ற சிறு இரத்தக்குழாய் சிலரில் கூரையை விட்டுக் கீழே தொங்கும். அது அறுந்தால் கண்குழிக்குள் சுருங்கி அங்கே இரத்தம் கசியும், பார்வையைக் காப்பாற்ற மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது.

கூரைக் குழியின் ஆழம், கண்சுவர், ஓனோடி அறை, கடைசி அறையின் நடுச்சுவர், முன் எத்மொயிட் நாடி ஆகிய ஐந்தையும் ரிப்போர்ட்டில் கட்டாயமாக்குங்கள். பிரச்சினை இல்லாவிட்டால் 'இல்லை' என்றே எழுதுங்கள். வெறுமையாக விட்டால் பார்த்தீர்களா, பார்க்கவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது. ஸ்கான் கேட்கும் படிவத்தில் முகக் காயம், செல், முந்தைய மூக்கு ஒப்பரேசன் பற்றி ஒரு வரி சேருங்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வெளியே ஸ்கான் எடுத்து வருபவர்களிடம் ஒரு படத்தாள் மட்டும் இருந்தால் போதாது. மூன்று திசைகளிலும் மெல்லிய வெட்டுப் படங்கள் உள்ள இறுவட்டையும் கொடுக்கச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், தேவையான படம் கண்முன்னே இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பீனிச ஒப்பரேசனில் அந்தக் கேள்வியோடு ஐந்து இடங்களையும் சத்தமாக வாசிக்க எங்களுக்கு அனுமதி தாருங்கள். ஒரு நிமிடம் போதும். வாசிக்க நாங்கள் தயார், வாசிப்பதற்கு ரிப்போர்ட்டில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு தாதி