இரத்தக் கொடையாளர் குழு: பதிவிடும் முன் படியுங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இரத்தம் கேட்டு வரும் செய்தியை இங்கே பகிரும் முன், அதிலுள்ள எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். தேதியே இல்லாத வேண்டுகோள்கள் மாதக்கணக்கில் சுற்றி வருகின்றன. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்ட குழந்தைக்காக இன்னும் அழைப்புகள் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பலமுறை பகிரப்பட்டது என்பதற்கான இரட்டை அம்புக்குறியை வாட்ஸ்அப் காட்டினால், அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அதை விசாரிக்காமல் போடவே கூடாது.

புதிய வேண்டுகோளில் இரத்த வகை, எத்தனை யூனிட், மருத்துவமனை, எந்தத் தேதிக்குள், உடனிருப்பவரின் எண் ஆகியவை போதும். நோயாளியின் படமும் மருத்துவ அறிக்கையும் வேண்டாம். படுக்கையில் இருப்பவரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். கொடையாளர் கிடைத்ததும், பதிவிட்டவரே அதற்குக் கீழே 'கிடைத்துவிட்டது' என்று எழுதிவிடுங்கள்.

ஒருவர் வர இயலாது என்றால், ஏன் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாள்கள், பெண்கள் 120 நாள்கள் காத்திருக்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்களும், மருந்து எடுத்துக்கொள்பவர்களும் நம்மிடையே உண்டு. அண்மையில் ஒரு தம்பியைச் சிலர் இப்படிக் குடைந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. காரணம் சொல்லும் கடமை இங்கே யாருக்கும் இல்லை.

காலை வணக்கப் படங்கள், வாழ்த்துகள், அரசியல் எதுவும் வேண்டாம். அவசர அழைப்புக்காகவே இரவிலும் ஒலியை அணைக்காமல் தூங்குகிறவர்கள் இக்குழுவில் இருக்கிறார்கள்.

- அட்மின்