இயக்குநராகப் போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் மழை விடட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாயே, 22 வருட ஐ.டி. வேலையை விட்டு ஒரு கம்பெனியின் சுயாதீன இயக்குநராக, அதாவது அன்றாட நிர்வாகத்தில் இறங்காமல் இயக்குநர் குழுவில் இருந்து மேற்பார்வை செய்பவராகப் போகிறேன் என்று. அன்றைக்குச் சந்தோஷத்தில் சொல்ல விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

இயக்குநர் அடையாள எண்ணான டின், சுயாதீன இயக்குநர்களுக்காக ஐ.ஐ.சி.ஏ. என்ற அரசு நிறுவனம் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் பதிவு, இரண்டு ஆண்டுக்குள் எழுத வேண்டிய ஆன்லைன் தேர்வு எல்லாம் உனக்குச் சிரமமே இல்லை. 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. இத்தனை நாள் பழகிய ஸ்டாக் ஆப்ஷன், அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமை, சுயாதீன இயக்குநருக்குச் சட்டப்படி கிடையாது. இயக்குநர் குழுக் கூட்டத்தில் கலந்துகொள்ளத் தரும் அமர்வுக் கட்டணம் ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். வீட்டுக் கணக்கை அதற்கேற்பப் போட்டுக்கொள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் இயக்குநரான முதல் வருடம், அந்த நிறுவனத்தின் சர்வர் இரண்டு நாள் முடங்கியது. மனசு கேட்கவில்லை. ஐ.டி. மேலாளரை நேரடியாகப் போனில் கூப்பிட்டு எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என் பேச்சைக் கேட்பதா, தன் மேலதிகாரி பேச்சைக் கேட்பதா என்று அவர் தவித்துப்போனார். அடுத்த கூட்டத்தில் அந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முடிவே என்னுடையதாயிற்றே!

குலசேகரம் தோட்டத்தில் அப்பா ஒருநாளும் பால் வெட்டுகிறவர் கையிலிருந்து கத்தியை வாங்கியதில்லை. ஆழம் தப்பினால் ரப்பர் மரத்தின் பட்டை காயப்படும், மறுபடி சீராக வளராது. ஆனால் பால் குறைந்தால் ஏன் என்று கேட்காமலும் விட்டதில்லை.

அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும் தங்கச்சி. 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் இயக்குநர் குழு, நிறுவனரின் குடும்பத்தாருடைய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க ஒப்புதல் தந்தது. பென்டியம் சில்லுக்காகப் பேர்பெற்ற பொறியாளரும் ஹார்வர்ட் பேராசிரியரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்ததும் திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7-ல் சத்யத்தின் கணக்கு மோசடி வெளியே வந்தது. அங்கே படிப்புக்கா குறைச்சல்? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 149(12) பிரிவு, கம்பெனி செய்யும் தவறுக்கு நீ பொறுப்பாகாமல் உனக்குப் பாதுகாப்புத் தருகிறது. தெரிந்தே சம்மதித்திருந்தாலோ, அக்கறையில்லாமல் இருந்திருந்தாலோ அது கைகொடுக்காது. உடன்பாடு இல்லையென்றால் அதை மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், பதியச் சொல். வரைவு வந்ததும் பதிந்திருக்கிறதா என்று நீயே பார்.

அப்புறம், சரி என்று சொல்லும் முன் மூன்று வருட ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கு. ஆடிட்டர் யாராவது நடுவில் விலகியிருந்தால் காரணம் கேள். வெள்ளிக்கிழமை நாகர்கோவிலுக்கு வருகிறேன், சேர்ந்தே வாசிப்போம்.

உன் அண்ணன்