பல்லாவரத்துப் பாறைக்கும் ஒரு சான்றிதழ் கொடுங்கள்

பாறை ஸ்டாண்டர்டுகளுக்குச் சான்றளிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சென்னைப் பக்கத்துச் சார்னோக்கைட் பாறையைப் பொடித்து ஸ்டாண்டர்டாக, அதாவது தனிமங்களின் அளவு உறுதியாகத் தெரிந்த ஒப்பீட்டுப் பொடியாகத் தயாரிக்கும் யோசனையை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டீர்கள். இறக்குமதியாகும் பசால்ட் பொடியே போதும் என்கிறீர்கள். சென்னையில், கரைத்த பாறையில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் வேலை செய்கிறவள் நான். அது போதவில்லை.

ஹவாய் பசால்டான பி.எச்.வி.ஓ.-2 நல்ல ஸ்டாண்டர்டுதான். ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவையில் சிரமமில்லாமல் கரையும். ஹாஃப்னியம் என்ற தனிமத்தின் அளவு சான்றிதழில் உள்ளபடியே வரும். அதே ஹாட் பிளேட்டில், அதே அமிலத்தில் பல்லாவரத்துச் சார்னோக்கைட்டை வைத்தால் அதிலுள்ள சிர்க்கான் என்ற கனிமம் முழுதாகக் கரையாது. கண்ணுக்கே தெரியாத கசடாக அடியில் தங்கிவிடும். அதற்குள் இருக்கும் சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் கனமான அருமண் தனிமங்களும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் பசால்ட் சரியாக வந்துவிட்டதே! அதை நம்பி அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறோம், தப்பான எண்ணுக்கு. அமிலத்துக்குப் பதிலாகப் பொடியை லித்தியம் போரேட் என்ற உப்போடு சேர்த்து உருக்கிப் பார்க்கலாம், சரி. அதிலாவது முழுதாகக் கரைந்ததா என்று எதை வைத்துச் சொல்வது? ஆய்வு மாணவி ஒருத்தியின் கட்டுரை இந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தது. அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அளவு உறுதியாகத் தெரிந்த சார்னோக்கைட் பொடி வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

வேலை லேசானது என்று நான் சொல்லவில்லை. டங்ஸ்டன் கார்பைடு அரைவைப் பாத்திரத்தில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் பொடியில் ஏறிவிடும். சிர்க்கான் துகள்கள் ஒரு பாட்டிலுக்குக் கூடவும் இன்னொன்றுக்குக் குறையவும் போகாமல் சீராகக் கலக்க வேண்டும். பல ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் அளந்து, மதிப்போடு, அது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற ஐயப்பாட்டையும் கணக்கிட வேண்டும். அமெரிக்காவின் ஜி-1, டபிள்யூ-1 என்ற பாறை ஸ்டாண்டர்டு பொடிகளுக்கு ஆய்வகங்கள் கொடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது 1951இல் அச்சில் வந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. நாம் எப்போது விழிப்பது?

1893இல் தாமஸ் ஹாலண்ட் சார்னோக்கைட் என்று பெயர் வைத்த பாறை இது. பரங்கிமலையும் பல்லாவரமும்தான் அதன் மூல இடம் என்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அதன் ஊரிலேயே அதை நம்பி அளக்க வழியில்லை. கோடிக்கணக்கில் கருவி வாங்கப் பணம் வருகிறது. அந்தக் கருவி சொல்வது உண்மையா என்று பார்க்க ஒரு பாட்டில் பொடி கேட்டால் மட்டும் அடுத்த கூட்டம், அடுத்த ஆண்டு. ஸ்டாண்டர்டுக்கு ஒதுக்கும் பணத்தை வீண்செலவு என்று நினைக்கும் வழக்கம் நம் நிறுவனங்கள் பலவற்றில் ஊறிப்போயிருக்கிறது.

கோபத்தில் அதிகம் எழுதியிருந்தால் மன்னியுங்கள். பொடிக்குப் பாறை எடுக்க, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்த இடத்தில் கை வைக்க வேண்டாம். சென்னையைச் சுற்றி வேறு இடங்களிலும் சார்னோக்கைட் உண்டு. அடுத்த கூட்டத்தில் இதை முதலில் எடுத்துக்கொண்டு, எப்போது தொடங்குவீர்கள் என்று ஒரு தேதி சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒப்பீட்டு அளவீட்டுக்குப் பொடி அனுப்பினால் எங்கள் பங்கை நாங்கள் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
சென்னை ஆய்வகப் பகுப்பாய்வாளர் ஒருவர்